மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது

மார்ச் 10, திங்கள்

அப்பா தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். உச்சியிலிருந்து இல்லை, கடைசிக்கு முந்தின படியிலிருந்துதான். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு இறங்கும்போது செருப்பு வழுக்கியிருக்கிறது. வலது காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் கால் ஊன்றக் கூடாதாம்.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அப்பாதான். ஊராட்சியில் தற்காலிக வேலை. தவசி என்று கேட்டால் தெரியாது, ஆபரேட்டர் தவசி என்றால் எல்லாருக்கும் தெரியும். படுத்த இடத்திலிருந்து ஒரே புலம்பல்.

"நாளைக்குத் தண்ணி விடணுமே. ஒரு நாள் தப்புச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவாய்ங்க."

அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குனிந்து எதையும் தூக்க முடியாது. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

இந்த டைரி பொங்கலுக்கு மண்டபத்துக்காரர் அப்பாவிடம் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கல்யாண மண்டபத்தின் பெயர் சிவப்பில் இருக்கிறது. தாள் வழவழப்பாக இருக்கிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபிறகு எழுதுவது விட்டுப்போயிற்று. எனக்குப் படிப்பு பிடிக்கவில்லை, அதனால்தான் நின்றேன். அம்மா ஆபரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கையெழுத்து கெடக் கூடாது என்று எழுதுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

தண்ணீர் திறந்தேன்.

டீக்கடை முக்கில், சிமென்ட் மூடிக்குக் கீழே ஒரு குழி. அதற்குள் இரண்டு வால்வு. என் தோள் உயர இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். அப்பா நேற்றே பாடம் எடுத்துவிட்டார்.

"இடது பக்கம் கடைத்தெரு. முழுக்கத் திற. வலது பக்கம் மேட்டுத்தெரு. அதுக்கு ரெண்டு சுத்து போதும். மேடு, எவ்வளவு திறந்தாலும் ஏறாது. வீணாத்தான் போகும்."

மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாது என்பது எனக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். என்னோடு படித்த ஜோதிமீனா அந்தத் தெரு. லாரித் தண்ணீருக்கு நின்றுவிட்டு ஈரப் பாவாடையோடு ஓடிவருவாள். கணக்கு சார் வெளியே நிறுத்திவிடுவார்.

டீக்கடை பெஞ்சில் ஆள் நிறைய இருந்தது. "புது ஆபரேட்டரம்மா வந்துட்டாங்கப்பா, எந்திரிச்சு நில்லுங்க" என்றார் ஒருவர். "பாத்து, சாவி ஒன்னத் தூக்குதா, சாவிய நீ தூக்குறியா?" என்றார் இன்னொருவர். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நான் யாரையும் பார்க்காவிட்டால் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. இடது முழுக்க. வலது இரண்டு சுற்று. மூடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். உள்ளங்கை கன்றிப்போயிற்று.

வீட்டுக் குழாயில் மோட்டார் போட்டும் தண்ணீர் சரியாக வரவில்லை. எங்காவது குழாய் உடைந்திருக்கும் என்றாள் அம்மா.

மார்ச் 12, புதன்

காலையில் மேட்டுத்தெரு பவுன்தாய் அக்கா வந்தார். கையில் அவித்த பனங்கிழங்கு. எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, என்ன மாயம் பண்ணீக? எங்க தெருக் குழாயில தண்ணி பீச்சி அடிச்சிருச்சு! குழாயில கட்டியிருந்த வடிதுணி பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எங்க மாமியா குழாயடியிலயே உக்காந்து தலைக்கு ஊத்திக்கிட்டு எந்திரிப்பனாங்குது. ஒங்களுக்குக் கால் ஒடிஞ்சதும் எங்களுக்குக் காலம் வந்துருச்சு, தப்பா நெனச்சுக்காதீக."

அப்பா சிரிக்கவில்லை. "தொட்டியில அழுத்தம் கூடியிருக்கும்" என்றார்.

பவுன்தாய் அக்கா போன கையோடு மண்டபத்துக்காரர் ராசாமணி புல்லட்டில் வந்தார். நேற்று கடைத்தெருவில் இருக்கும் அவர் மண்டபத்தில் கல்யாணம்.

"தவசி, என் மானம் போச்சுய்யா. பந்தியில கை கழுவத் தண்ணி இல்ல. மாப்ள வீட்டாளு சோடாவ ஒடச்சுக் கை கழுவுறான். கலர் சோடா! கையெல்லாம் பிசுபிசுங்குதுன்னு என் சட்டையில தொடைக்கிறான்."

அவர் போனபிறகு அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு கேட்டார். "நீ எந்தப் பக்கம் பாத்து நின்ன?"

"பள்ளிக்கூடத்தப் பாத்து."

"டீக்கடையப் பாத்து நிக்கணும். டீக்கடையப் பாத்தாத்தான் இடது இடது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதுகைக் காட்டி நின்றதால் எல்லாவற்றையும் மாற்றித் திறந்திருக்கிறேன். தப்பு செய்துவிட்டேனே என்று முதலில் பயமாக இருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் இன்னொன்று தோன்றியது.

தண்ணீர் மேட்டுக்கு ஏறியிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

காலையில் கேட்டேன். "அப்பா, மேட்டுக்குத்தான் ஏறுதே?"

"சொன்னதச் செய்யி."

செய்தேன். கடைத்தெருவுக்கு முழுக்க, மேட்டுத்தெருவுக்கு இரண்டு சுற்று.

மேட்டுத்தெரு முனையில் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு. ஒரு குடத்துக்குப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். நான் சாவியைத் தூக்கிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மண்டபத்திலிருந்து ஒரு வாளி பாயசம் வந்தது. வழக்கமாக வருவதுதான். விசேஷம் என்றால் சாம்பாரோ பாயசமோ எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி உண்டு. அம்மாவின் மிக்ஸி அவர் கொடுத்தது. தீபாவளிக்கு எனக்கு எடுத்த ஊதாச் சுடிதாரும் அவர் கொடுத்ததுதானாம், இன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

மார்ச் 15, சனி

இன்று இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை திருப்பிக்கொண்டே போயிற்று. அவ்வளவுதான்.

டீக்கடைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன். ஆனால் எது எந்தப் பக்கம் என்று இப்போது தெரியும்.

வரும் வழியில் ஜோதிமீனா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இந்த மாதக் கடைசியில் பத்தாவது பரீட்சை.

"செவ்வாக்கிழம தண்ணி வந்துச்சுல்ல, மறுநாள் மொத பெல்லுக்கே போயிட்டேன்டி மயிலு. வாட்ச்மேன் கேக்குறாரு, ஏம்மா ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எங்களுக்கு. பிறகு, "நீ ஏன்டி நின்ன? நீதான நல்லாப் படிப்ப?" என்றாள்.

பிடிக்கவில்லை என்றேன்.

இன்று அவர்கள் குழாயில் தண்ணீர் வந்ததாம். ஆனால் செவ்வாய் மாதிரி இல்லை, நூல் மாதிரி. அன்று கடைத்தெரு வால்வு கிட்டத்தட்ட மூடிய மாதிரி இருந்தது. இன்று இரண்டும் திறந்திருக்கிறது, ஆனால் கடைத்தெருதான் இழுத்துக்கொள்கிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. அம்மா மோட்டார் போட்டிருந்தாள்.

எங்கள் கடைத்தெரு முழுக்க அதே சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். தண்ணீர் வரும் சத்தமே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடை ராமர் சொல்லியிருக்கிறார்.

"யாரக் கேட்டு முழுசாத் திறந்த?"

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"எனக்கு மட்டும் என்ன, ஊரத் தாகத்துல போடணும்னு ஆசையா? சம்பளம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. ஒங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு காரு? மேட்டுத்தெருக்காரன் காரா? ராசாமணி காரு. அந்த மனுசன் ஒரு வார்த்தை சொன்னா நான் நாளைக்கு வீட்ல. இந்த நியாயத்த நீ எந்தப் புஸ்தகத்துல படிச்ச?"

"நான்தான் படிக்கலையேப்பா."

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

இந்தப் பக்கத்தின் அடியில் இருந்த மண்டபத்தின் பெயரைப் பேனாவால் அடித்தேன். மை ஊறி அடுத்த நாளையும் கெடுத்துவிட்டது. இனிமேல் அடிக்க மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

கை வலிக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் இரண்டு வால்வையும் திறந்தேன். மூடியைப் போடுவதற்குள் புல்லட் சத்தம். ராசாமணி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பாப்பா, அந்தப் பக்கத்தக் கொஞ்சம் குறைச்சுக்க. நாளைக்கு நம்ம மண்டபத்துல வளைகாப்பு இருக்கு."

நான் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காது கேக்கலையா? சாவியக் குடு. நானே திருப்பிக்கிறேன்."

சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டீக்கடைப் பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமர் எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டார்.

"ஓ, நியாயமாக்கும்! எங்கிட்ட வாங்குன மிக்ஸியில சட்னி அரைக்கையில இந்த நியாயம் எங்க போச்சு? சரி, நான்தான் உறிஞ்சுறேன். ஒங்க வீட்ல ஓடுதே ஒரு மோட்டாரு, அது என்ன காத்தையா உறிஞ்சுது? மொதல்ல ஒன் வீட்டப் பாரு, அப்புறம் ஊருக்குத் தண்ணி ஊத்தலாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அத்தனை வலித்தது.

ஓடினேன். சாவியையும் தூக்கிக்கொண்டேதான் ஓடினேன். வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா டிரம்மில் குழாயை விட்டிருந்தாள். சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கினேன். குழாயிலிருந்து ஓஸை இழுத்தேன், முகமெல்லாம் தண்ணீர் அடித்தது.

"ஏய், டிரம்மு பாதிகூட நெறையலடி!"

"மயிலு! என்ன பண்ற? மயிலு!" அது அப்பா, கட்டிலிலிருந்து.

சாவியைச் சுவரில் சாத்திவிட்டு மோட்டாரைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. வழியெல்லாம் ஓஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டே பின்னால் இழுபட்டு வந்தது. ஊதாச் சுடிதார்தான் போட்டிருந்தேன். முழுக்க நனைந்துவிட்டது.

முக்கில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். சிமென்ட் மூடியைக் குழிமேல் இழுத்துப் போட்டு, மோட்டாரை அதன்மேல் வைத்தேன். டீக்கடையைப் பார்த்து நின்றேன். முதல் முறையாக அத்தனை முகத்தையும் பார்த்தேன். பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது எங்க வீட்டுது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "உங்களோடது எங்க?"

ஒருவர் டீ கிளாசைத் தரையில் வைத்தார்.

"எங்க கடையில மோட்டாரே கெடையாதுத்தா" என்றார் டீக்கடை ராமர். அவர் கடைக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு பெஞ்சு மொத்தமும். ராமர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். சத்தம் நின்றது.

அவ்வளவுதான் நடந்தது. வேறு யாரும் மோட்டாரைக் கொண்டுவந்து வைக்கவில்லை. ராசாமணி வண்டியை உதைத்தார்.

"ஒன்னாந்தேதி ஒங்கப்பனுக்கு வேலை இருக்கான்னு பாத்துக்க."

"பாத்துக்கிறேன்" என்றேன். நானேதான் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

அப்பா பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார், பேசவில்லை.

மோட்டார் இல்லாததால் நேற்று டிரம் நிறையவில்லை. அம்மா குனிய முடியாமல் நின்றுகொண்டே சொம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியவில்லை. இனிமேல் நான்தான் பிடித்து ஊற்ற வேண்டும்.

பிற்பகலில் அம்மா மிக்ஸியைக் கழுவித் துடைத்தாள். மூடி, ஜார் எல்லாவற்றையும் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. அம்மியில என்னால அரைக்க முடியாது, பாத்துக்க. நீதான் அரைக்கணும்."

"சரிம்மா."

"தேங்காச் சட்னி எல்லாம் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்மா."

மண்டபத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, திரும்பும்போது மேட்டுத்தெருவுக்குள் போனேன். இந்த ஊரிலேயே பிறந்தும் நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. போக வேண்டிய வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பவுன்தாய் அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. கீழே பார்த்தேன். சிந்திய தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே வட்டமாக நின்றது. வந்த வழியிலும் எங்கும் ஏற்றமே இல்லை.

"என்னத்தா பாக்குற?"

"இது மேடே இல்லக்கா."

பவுன்தாய் அக்கா தரையைப் பார்த்தார். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "எங்கப்பன் காலத்துல இருந்து மேட்டுத்தெருன்னுதான சொல்லுதாக" என்றார் மெதுவாக. அப்புறம் அவர் முகம் மாறியது.

மார்ச் 19, புதன்

ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். சாவியை அவரிடம் கொடுக்க வேண்டுமாம், அப்பா குணமாகும்வரை அவர்தான் திறப்பாராம். பெயர் சேகர். பக்கத்து ஊர். நான் சாவியோடு முக்குக்குப் போனபோது அவர் நின்றுகொண்டிருந்தார். குழியைச் சுற்றி மேட்டுத்தெருப் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மூடிமேல் எங்கள் மோட்டார் அப்படியே இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு செம்பருத்தியை வைத்திருந்தார்கள்.

"தம்பி, ஒங்கிட்ட எப்படித் திறக்கச் சொல்லி விட்டாக?" என்றார் பவுன்தாய் அக்கா.

"இடது முழுசா, வலது ரெண்டு சுத்து."

"ஏனாம்?"

"மேடாம்ல?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. "ரெண்டையும் முழுசாத் திறக்கறதுன்னா திற. இல்லன்னா ராமர் கடையில டீ குடிச்சிட்டுப் போ, காசு நாங்க குடுக்குறோம்."

சேகர் பாவம், டீ குடிக்கப் போனார்.

நான் மோட்டாரை இறக்கி வைத்து, மூடியை நகர்த்தி, சாவியைக் குழிக்குள் விட்டேன். கடைத்தெரு வால்வைத் திறந்தேன். மேட்டுத்தெரு வால்வைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. ஓட்டியது பவுன்தாய் அக்காவின் வீட்டுக்காரர். பின்னால் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு அப்பா. வண்டியைக் கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை. அம்மாவாகத்தான் இருக்கும்.

சாவியைப் பிடுங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையை இறுக்கிக்கொண்டேன். பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அப்பா வண்டியிலிருந்து இறங்கவில்லை. குழியையே பார்த்தார்.

"நின்னுருச்சா?" என்றார்.

"ஆமா. அவ்வளவுதான் திரும்புது."

"இல்ல. அங்க இறுகும், முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்குவோம். அதுக்கப்புறமும் இருக்கு. எண்ணெய் காணாம துருப்பிடிச்சுப் போயிருக்கும்." மாவுக்கட்டைத் தடவினார். "அதுக்கு மேல நான் திறந்ததே இல்ல."

பவுன்தாய் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, சாவியின் மறுபக்கக் கைப்பிடியை வந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அழுத்தினோம். அசையவில்லை. மறுபடி அழுத்தினோம். கிறீச் என்று ஒரு சத்தம், பிறகு மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடுவது காலில் தெரிந்தது.

ராமர் கடைக்குப் பின்னால் சத்தமே இல்லை. மற்ற வீடுகளில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்து அந்த வீடுகளுக்குப் போகப்போகிறோம், எங்கள் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு. பவுன்தாய் அக்கா பேசுவார். நான் கூட நிற்பேன். தேவைப்பட்டால் நானும் பேசுவேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் நான்தான் திறந்தேன். டீக்கடையைப் பார்த்து நின்றேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். எல்லார் முன்னாலும் எழுதிக் கொடுங்கள், இரண்டு தெருவுக்கும் முழுக்கத் திறப்போம் என்று, அப்போது தருகிறேன் என்றேன். கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

தனியாகப் படித்தும் பத்தாவது எழுதலாமாம், ஜோதிமீனா சொன்னாள். சும்மா கேட்டு வைத்தேன்.

சட்னி அரைத்ததில் தோள் வலிக்கிறது. அப்பா இரண்டு தோசை கூடக் கேட்டார்.

ஒன்றாம் தேதி வரட்டும்.